"நம்ம தொழிலுக்கு ஒத்துவராதுங்க"

திண்டுக்கல்லில் நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் ஒன்றுக்குப் போய், மதியம் வரை ஒரு ஓரமாக நின்று பாருங்கள். மில்காரர்கள், ஜவுளிக்கடைகள், பைக் ஷோரூம்கள், நிதி நிறுவனங்கள் என்று வரிசையாக மேஜை போட்டிருப்பார்கள். காலில் காலிப்பர் மாட்டிய இளைஞர் ஒருவர் தன் ஃபைலை நீட்டுவார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுந்து நின்று அதை வாங்குவார், நாற்காலியை இழுத்துப் போடுவார், தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைப்பார். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. கடைசியில் அந்த வாக்கியம் வரும்: "மனசு இருக்குதுங்க தம்பி, ஆனா நம்ம தொழிலுக்கு ஒத்துவராது. பார்த்துட்டு போன் பண்றோம்." அந்த போன் வராது.

எனக்குச் சண்டை இந்த வாக்கியத்தோடுதான். சொல்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நல்ல மனதோடு சொல்லப்படுவதாலேயே அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம். மில் மேனேஜர், பட்டறை முதலாளி, கடை ஓனர் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிச் சொல்லி, இன்று அது திண்டுக்கல் வட்டாரத்தில் ஊரறிந்த உண்மை போல நிற்கிறது. அதன் அடியில் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"அவர்களால் முழு வேலை செய்ய முடியாது" என்பது முதல் நம்பிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். இவர்களில் ஏதோ ஒரு வேலை செய்பவர்கள் நாடு முழுக்க 36 சதவீதம். நாட்டின் மொத்த மக்கள்தொகையில் வேலை செய்பவர்கள் ஏறத்தாழ 40 சதவீதம். குழந்தைகளும் முதியவர்களும் இரண்டு கணக்கிலும் சேர்த்திதான். வித்தியாசம் இவ்வளவு குறைவா என்று எனக்கே முதலில் ஆச்சரியம். அப்படியானால் இவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளில் 31 சதவீதம் பேர் விவசாயக் கூலிகள். வெயிலில் குனிந்து களையெடுக்கவும் மூட்டை தூக்கவும் ஒத்துவந்த உடம்பு, ஏசி போட்ட கடையின் பில் கவுண்டருக்கு ஒத்துவராமல் போகிறது! கூலிக்கு மட்டும் ஒத்துவந்து, மாதச் சம்பளம் என்றதும் ஒத்துவராமல் போவதை உடற்குறையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

அடுத்து மில்லுக்குப் போவோம். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் நான் அடிக்கடி கேட்கிற வாதம் இது: "காது கேட்காத பொண்ணை எடுத்தா சூப்பர்வைசர் எப்படிங்க பேசுவார்?"

ஸ்பின்னிங் பகுதிக்குள் போயிருக்கிறீர்களா? ரிங் பிரேம்கள் ஓடத் தொடங்கிவிட்டால் அங்கே யாருக்கும் காது கேட்காது. ஒருவரையொருவர் கூப்பிடக் கையை ஆட்டுவார்கள். நூல் அறுந்தால் விரலைச் சுழற்றிக் காட்டுவார்கள். சாப்பாட்டு நேரம் ஆனதைக் கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சொல்வார்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் பருத்தி மில்களில் தறிச் சத்தத்துக்கு நடுவே தொழிலாளிகள் உதட்டசைவாலும் முகபாவனையாலும் பேசி, அதையே ஒரு பாஷையாக வளர்த்து, அதற்கு 'மீ-மா' என்று பெயரும் வைத்திருந்தார்கள். நூற்பாலை என்பது பிறந்த நாளிலிருந்தே சைகையில் நடக்கிற தொழில். அந்த இடத்துக்குப் பிறவியிலிருந்தே சைகையில் வாழ்கிற ஒருத்தி வந்தால் அவளோடு எப்படிப் பேசுவது என்று கேட்கிறோம். இன்னொன்றும் உண்டு. அதிக இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. காது கேட்காதவரை உள்ளே விடத் தயங்குகிற இடம், காது கேட்கிறவரைப் பல வருஷத்தில் கேட்காதவராக்கி வெளியே அனுப்பவும் கூடிய இடம்.

பேச்சு விஷயத்தில் இதைவிடப் பெரிய சாட்சி மில் ஹாஸ்டலில் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை வந்தபோது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் என்று வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. மில்கள் கதவைச் சாத்திக்கொண்டனவா? இந்தி தெரிந்த ஒருவரை மேஸ்திரியாகப் போட்டார்கள். 'கையை உள்ளே விடாதே' என்ற எச்சரிக்கை இந்தியிலும் ஏறியது. மெஸ்ஸில் சப்பாத்தி வந்தது. ஊர்த் திருவிழாவுக்கு மொத்தமாக லீவு கேட்டால் ஷிப்டை மாற்றிப் போட்டார்கள். இவற்றில் எதையும் யாரும் சலுகை என்றோ தர்மம் என்றோ சொல்லவில்லை. தொழில் நடக்க வேண்டுமென்றால் செய்ய வேண்டியது என்று செய்தார்கள். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது: நியாயமான வசதி. நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையைத் தராமல், ஆளுக்கு ஏற்ப வேலையிடத்தில் செய்யும் தேவையான மாற்றம். வடக்கிலிருந்து வந்தவருக்குச் செய்யத் தெரிந்ததைப் பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குச் செய்யத் தெரியாது என்றால், அதைத் தெரியாமை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆபத்து என்ற வாதத்தை மட்டும் நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ரிங் பிரேம் பார்க்கும் சைடர் ஒரு ஷிப்டில் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறார். ஒரு கால் பலவீனமானவரை அங்கே நிறுத்துவது அவருக்கும் கொடுமை, மெஷினுக்கும் கேடு. ஒத்துவராத வேலை உண்டுதான். ஆனால் அந்த வேலையும் அந்தத் தொழிலும் ஒன்றல்ல. அதே மில்லில் நூலின் கவுண்ட் பார்க்கும் லேப் இருக்கிறது. கோன் சோதிக்கும் மேஜை, பேக்கிங், ஸ்டோர், டைம் ஆபீஸ், கணக்கு எல்லாம் இருக்கின்றன. விபத்துக் கணக்கு எடுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம், ரசாயன ஆலைகளை நடத்துகிற நிறுவனம், 1981-இல் தன்னிடம் வேலை செய்த 2,745 மாற்றுத்திறனாளிகளை ஆராய்ந்தது. பாதுகாப்பாக வேலை செய்வதில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சராசரியாகவோ அதற்கு மேலாகவோ மதிப்பிடப்பட்டார்கள்.

ஆபத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மறக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். நேற்றுவரை நன்றாக வேலை பார்த்து, இன்று மெஷினில் விரலையோ, நாலுவழிச் சாலையில் காலையோ இழந்தவர். போலியோ போய்விட்டது, 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் சாலை விபத்தும் சர்க்கரை நோயும் மெஷினும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. அரசு நிறுவனமாக இருந்தால், பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டவரை நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று அதே 2016 சட்டத்தின் ஒரு பிரிவு தடுக்கிறது. அதனால்தான் அரசு பஸ் ஓட்டுநர் பார்வை குறைந்தால் மாற்று வேலை கேட்டு வழக்குப் போட்டு வெல்ல முடிகிறது. தனியார் மில் தொழிலாளிக்கு அந்தப் பிரிவின் பாதுகாப்பு இல்லை. இ.எஸ்.ஐ. பணம் வரலாம், பழைய வேலை திரும்ப வருவது முதலாளியின் மனதைப் பொறுத்தது. பத்து வருஷம் அந்த மெஷினின் ஒவ்வொரு சத்தத்தையும் அறிந்த ஆளை இரண்டு விரல் போனதற்காக அனுப்பிவிட்டு, புது ஆளுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுப்பதில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"அவங்களுக்கு ஏத்த வேலை எதுன்னே தெரியலையே" என்பவர்களுக்குச் சுருக்கமான பதில் போதும். 2021 ஜனவரியில் மத்திய அரசு மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருத்தமானவை என்று அறிவித்த பணியிட வகைகள் 3,566. அதில் உயர் அதிகாரிகளான 'ஏ' பிரிவு மட்டும் 1,046. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன், பார்வை முற்றிலும் இல்லாதவர், 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அதெல்லாம் சர்க்கார் உத்தியோகம் என்பீர்கள். ஓசூரில் டைட்டன் கடிகார ஆலை தொடக்க காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை உற்பத்திப் பிரிவில் வைத்து வேலை வாங்கியிருக்கிறது. மயிரிழைத் துல்லியம் கேட்கிற தொழில் அது. நிர்வாகம்தான் கஷ்டம் என்பீர்களானால் தென்காசி பக்கத்து ஆய்க்குடிக்குப் போய் வாருங்கள். விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று பெரிய நிறுவனமாக நிற்கிறது.

நம் ஊர்ப் பூட்டுக்கே வருவோமே. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையே அது கையால் செய்யப்படுவதுதான். லிவர் அடுக்குவதும் சாவிக்கு அரம் போடுவதும் உட்கார்ந்து, கண்ணும் விரலும் சேர்ந்து செய்கிற வேலை. கற்றுக்கொள்ள ஆளில்லை, அடுத்த தலைமுறை வருவதில்லை என்று பட்டறைகளில் புலம்புகிறார்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஆள் தேடுகிறவர்களும், உட்கார்ந்து செய்ய வேலை தேடுகிறவர்களும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் போய் வருகிறார்கள்.

செலவு? வேலையிட வசதிகள் குறித்து முதலாளிகளுக்கு ஆலோசனை சொல்லவென்றே 1983 முதல் அமெரிக்காவில் ஓர் அமைப்பு இயங்குகிறது. அதன் தொடர் ஆய்வுகளில், முதலாளிகள் செய்துகொடுத்த மாற்றங்களில் ஏறத்தாழ பாதிக்குக் காசே செலவாகவில்லை. மேஜையை நகர்த்துவது, ஷிப்டை மாற்றுவது, வாயால் சொன்னதை எழுதிக் கொடுப்பது போன்றவை அவை. இங்கே அரசும் கொஞ்சம் கை கொடுக்கிறது. தனியார் நிறுவனம் மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கை அரசு ஏற்கும் திட்டம் 2008-லேயே வந்துவிட்டது. ஆடிட்டர் வைத்து எல்லா மானியத்தையும் தேடிப் பிடிக்கிற தொழிலதிபர்கள் இதை மட்டும் கேள்விப்படாமல் இருப்பது விசித்திரம்.

"எடுத்தாலும் நிக்கிறதில்லைங்க, மூணு மாசத்துல போயிடறாங்க." இதில் உண்மை இருக்கிறது. ஏன் போகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மில் வேனின் முதல் படி முழங்கால் உயரம். கழிப்பறை முற்றத்துக்கு அப்பால், மூன்று படி இறங்கி. மழைக்காலத்தில் பாசி வேறு. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிற பெண் மூன்று மாதம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். பிறகு, வேலை கொடுத்தோம் என்று போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு, உற்பத்தியில் சேர்க்காமல் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைப்பதும் நடக்கிறது. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கும் அவமானம் சிலரைத் துரத்திவிடும்.

வேலையைப் பகுத்துக் கொடுத்தால் நிற்பார்கள் என்பதற்கு ஃபாரின் உதாரணம் தேவையில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலை, முழுக் கூலி என்று 2012-இல் தமிழக ஊரக வளர்ச்சித் துறை 52-ஆம் எண் அரசாணை போட்டது. தண்ணீர் கொடுப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகளை அவர்களுக்கு ஒதுக்கச் சொன்னது. அமல்படுத்தக் கேட்டு ஊர் ஊராகச் சங்கங்கள் போராட வேண்டியிருந்தது, அது வேறு கதை. மண்வெட்டி வேலைக்கே இப்படி ஒரு வழி கண்டுபிடிக்க முடிந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கடைசியாக, "அரசாங்கம்தான் பார்த்துக்குதே." அரசு வேலையில் இருப்பது 4 சதவீத இட ஒதுக்கீடு, அதுவும் அரசு ஆள் எடுக்கும்போதுதான். உதவித்தொகை பட்டினியைத் தள்ளிப்போடும், வாடகைக்குக் காணாது. சொந்தமாகக் கடை வைத்துக் கொடுக்கலாமே என்பவர்களுக்கு எஸ்.டி.டி. பூத் ஞாபகம் இருக்கும். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல் என்று மூலைக்கு மூலை மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து பூத் ஒதுக்கினார்கள். பத்துப் பதினைந்து வருஷம் குடும்பங்கள் அதில் சாப்பிட்டன. செல்போன் வந்தது, ஒரு சில வருஷத்தில் எல்லாக் கூண்டும் காலி. கம்பெனி வேலையில் இருந்தவர்கள் இன்னொரு கம்பெனிக்குப் போனார்கள். தனியாகக் கூண்டுக்குள் உட்காரவைக்கப்பட்டவருக்குப் போக இடமில்லை. அவருக்குக் கூட வேலை செய்தவர் என்று யாருமே இல்லை.

முகாம் மேஜைக்குத் திரும்பிப் போவோம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்கிறது 2016 சட்டமும் அடுத்த ஆண்டு வந்த அதன் விதிகளும். என்ன வசதிகள் உண்டு, தொடர்பு அலுவலர் யார் என்பதோடு, அந்த நிறுவனத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருத்தமான பணியிடங்கள் எவை என்ற பட்டியலும் அதில் இருக்க வேண்டும். ஆகவே "நம்ம தொழிலுக்கு ஒத்துவராது" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பட்டியலைத் தயாரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று அர்த்தம். அடுத்த முகாமில் ஃபைலை நீட்டும் தம்பி, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரையும் குடித்துவிட்டு, அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்கலாம்.