கட்டை விரலின் கைங்கரியம்



கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறும்போது குழந்தைக்கு வயிற்றைப் புரட்டினால், எலுமிச்சம்பழத்தை மூக்கருகே நீட்டுவது நம் வீட்டு வழக்கம். கூடவே இன்னொன்றையும் செய்து பாருங்கள். குழந்தையின் உள்ளங்கை மேலே தெரியும்படி கையைத் திருப்புங்கள். அந்தக் குழந்தையின் மூன்று விரல்களைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு அகலமோ, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை நோக்கி அவ்வளவு தூரம் நகருங்கள். அங்கே இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் விரல் பதிகிற மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். கட்டை விரலின் சதைப்பற்றால் அதை மெதுவாக அழுத்தி, இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிடியுங்கள். சீனர்கள் இந்த இடத்தை ‘நெய்குவான்’ என்கிறார்கள். நம் ஊர் அக்குபிரஷர்காரர்களிடம் ‘பி 6’ என்றால் தெரியும்.

இந்த ஒரு புள்ளியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. அக்குபிரஷர் என்றதுமே, சகல நோயும் தீரும் என்பவர்கள் ஒரு பக்கமும், சுத்த ஏமாற்று என்பவர்கள் மறு பக்கமும் நின்றுகொள்கிறார்கள். ஆனால் பி 6 பற்றி மருத்துவ உலகம் பொறுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பெல்ஃபாஸ்ட் நகரின் மயக்க மருந்து நிபுணர் ஜான் டண்டீ, அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு இந்தப் புள்ளியில் ஊசி குத்திப் பார்த்து, அதன் பலனை 1986இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பிறகு பலரும் ஊசிக்குப் பதில் விரலாலும் மணிக்கட்டுப் பட்டையாலும் அழுத்திப் பார்த்தார்கள். 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 59 ஆய்வுகளை, மொத்தம் 7,667 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. பொய்யாக வேறு இடத்தைத் தூண்டியவர்களைவிட, பி 6ஐத் தூண்டியவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் குறைவாக இருந்தன. வாந்தி நிறுத்தும் மருந்துகளோடு ஒப்பிட்டபோதும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காசு செலவில்லாத ஒரு காரியத்துக்கு இது சின்ன பலன் இல்லை.

என்னை இன்னும் நெகிழ வைத்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்கள் பலருக்கு, நோய் போன பிறகும் அசதி போவதில்லை. காலையில் எழும்போதே களைப்பு. சமையலறை வரை நடப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட பெண்களுக்குச் சில புள்ளிகளைக் காட்டிக்கொடுத்து, தினமும் தங்கள் கையாலேயே அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, அழுத்தியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரின் அசதி இயல்பு நிலைக்கு இறங்கியிருந்தது. வழக்கமான கவனிப்போடு மட்டும் இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அப்படி. மனதையும் உடலையும் தளர்த்தும் வகைப் புள்ளிகளை அழுத்தியவர்களுக்குத் தூக்கமும் மேம்பட்டது. இவர்கள் யாரும் மருந்தை விட்டுவிட்டு இதற்கு வந்தவர்கள் இல்லை. சிகிச்சையை முழுதாக முடித்துவிட்டு, மிச்சமிருந்த களைப்புக்குத் தங்கள் விரலையே துணைக்கு அழைத்துக்கொண்டவர்கள். அக்குபிரஷருக்கு நம் வாழ்க்கையில் இருக்கவேண்டிய இடம் இதுவென்றே நான் நினைக்கிறேன்.

அழுத்தினால் ஏன் சுகமாக இருக்கிறது? சீன மருத்துவம் ‘சீ’ என்னும் உயிராற்றல் பாதைகளில் ஓடுவதாகச் சொல்லும். உடலை அறுத்துப் பார்க்கிற மருத்துவர் கண்ணுக்கு அந்தப் பாதைகள் தென்பட்டதில்லை. பி 6க்கு அடியில் நடுக்கை நரம்பு ஓடுவது மட்டும் தெரியும். கதவு மூலையில் முழங்கையை இடித்துக்கொண்டால் நாம் யோசிப்பதற்குள் மறு கை அங்கே போய்த் தேய்க்கிறதல்லவா? தொடுகையும் அழுத்தமும் நரம்பு வழியே போய், வலிச் செய்தி மூளைக்கு ஏறுவதைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் ஒரு விளக்கம் தந்தார்கள். வலி பற்றிய ஆராய்ச்சியையே திருப்பிப்போட்ட விளக்கம் அது.

அக்குபிரஷரில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் அளவுகோல். சென்டிமீட்டர் கிடையாது. யாருக்கு அழுத்துகிறோமோ அவருடைய கட்டை விரல் அகலம் ஓர் அளவு. அவருடைய நான்கு விரல்கள் சேர்ந்தால் மூன்று அளவு. ஆறடி ஆளுக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் அவரவர் உடம்பே கணக்கு. உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைப் பேசும் நம் வர்ம நூல்களும் விரற்கடை என்று விரலால்தான் அளக்கின்றன. கால் ஓய்ந்துபோகிற மாலையில் இந்தக் கணக்கை வைத்து ஒரு புள்ளியைத் தேடிப் பாருங்கள். முழங்கால் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல் இறங்கி, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் தள்ளினால், அழுத்தியதும் வலியும் சுகமுமாக ஓர் இடம் அகப்படும். தலை கனத்தால், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டவைக்கும்போது மேடிட்டு எழும் சதையைப் பிடிக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மூச்சை நிதானமாக விட்டபடி அழுத்துங்கள். வலி தாங்காமல் பல்லைக் கடிக்கிற அளவுக்குப் போக வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

பாதத்துக்கு இதே அழுத்தம் கிடைக்கட்டும் என்று சென்னைப் பூங்காக்களில் நடைபாதையை ஒட்டிக் கூழாங்கல் பதித்த பாதையைப் பார்த்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முதல் பத்தடி முகத்தைச் சுளித்து, பிறகு மெல்லப் பழகி நடக்கும் பெரியவர்களையும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 60 வயது தாண்டிய 108 பேரை வைத்து இதைச் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். கூழாங்கல் போன்ற விரிப்பில் 16 வாரம் நடந்தவர்களுக்கு, சாதாரணமாக நடந்தவர்களைவிட உடல் சமநிலையும் இரத்த அழுத்தமும் சீராகியிருந்தன.

இதைப் படித்துவிட்டு உடனே செருப்பைக் கழற்றாதீர்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அடுத்த சில வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடும். கல் குத்தியது தெரியாது. வெயில் ஏறிய கல் சுட்டதும் தெரியாது. சின்னக் கொப்புளம் புண்ணாகி, விரலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம். பொருட்காட்சிகளில் விற்கிற முள் முள்ளான அக்குபிரஷர் செருப்பும் பாயும் அவர்களுக்கு ஆகவே ஆகாது. கர்ப்பிணிகள், சற்று முன் சொன்ன கட்டை விரல் மேட்டையும், உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள புள்ளியையும் தொடக் கூடாது என்பது சீன மரபே விதித்த எச்சரிக்கை. நீண்ட பயணம் அல்லது அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். பிடித்துவிட்டால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சு வலிக்கும்போதும், வாய் கோணிக் கை துவளும்போதும் புள்ளியைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள்.

‘இந்தப் புள்ளியை அழுத்துங்கள், இன்சுலினை நிறுத்துங்கள்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இதில் எனக்கு எள்ளளவும் சமரசம் இல்லை. குமரி மாவட்ட ஆசான்கள் வழிவழியாகக் காத்துவரும் 108 வர்மப் புள்ளிகளையும் காணொளி பார்த்து அழுத்தக் கூடாது. அவற்றில் 12 படுவர்மங்கள் அடிபட்டால் உயிருக்கே உலை வைப்பவை என்று அந்த மரபே சொல்கிறது. குருவிடம் பல ஆண்டு இருந்து கற்கவேண்டிய கலை அது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை அவர்களிடமிருந்தே தொடங்கலாம். இராச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் போகட்டும். பாட்டியின் கையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தோல் மெலிந்து நரம்பு புடைத்த கை. உங்களுக்கு அழுத்துவதில் பாதி அழுத்தம் போதும். துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, உள்ளங்கையின் நடுவிலிருந்து ஒவ்வொரு விரல் நுனிக்கும் கட்டை விரலால் இழுத்துவிடுங்கள். “இங்க வலிக்குதா பாட்டி?” என்று கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். பகல் முழுக்க யாரும் கேட்காத அந்தக் கேள்விக்குப் பதிலாக, மாத்திரை தீர்ந்துபோனது, கொல்லைப்படியில் வழுக்கியது, தூக்கம் வராதது என ஒவ்வொன்றாக வெளியே வரும். மருத்துவரிடம் சொல்லவேண்டிய விஷயங்கள் பலவும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நமக்குத் தெரியவரும்.

அடுத்த இதழில் சித்த மருத்துவர் ஒருவரும் எலும்பு மருத்துவர் ஒருவரும் சேர்ந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இருக்கிறார்கள். வயது, இப்போது சாப்பிடும் மருந்து, எந்த இடத்தில் எப்போதிலிருந்து வலி என்பதையெல்லாம் விவரமாக எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் கடிதத்தின் மேலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்