குட்டி யானை எவ்வளவு தாங்கும்?

மாதக் கடைசி வந்துவிட்டால் நாவலூர் அப்பார்ட்மென்ட் வாசல்களில் குட்டி யானைகளைப் பார்க்கலாம். இரண்டாவது ட்ரிப்புக்குத் தனி வாடகை என்பதால், மொத்த வீட்டையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடத்தான் எல்லோருக்கும் ஆசை. "இடம் இருக்கேண்ணா, அந்த வாஷிங் மெஷினையும் வைங்க!" இடம் இருக்கும். எடை?

2005-ல் டாடா ஏஸ் அறிமுகமானபோது அது முக்கால் டன் வண்டி. அதாவது 750 கிலோ. 15 சிமென்ட் மூட்டை ஏற்றினால் கணக்கு முடிந்தது. ஓ.எம்.ஆர் பக்கம் இதே வண்டியில் 1,000 லிட்டர் டேங்க் வைத்துத் தண்ணீர் ஓட்டுவதும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டேங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1 டன், 250 கிலோ கூடுதல்! பாதி டேங்க்தானே என்றும் அலட்சியமாக இருக்க முடியாது. பிரேக் போட்டதும் உள்ளே அலையடித்து வண்டியையே தள்ளும்.

உங்களுக்கு வரும் வண்டி எவ்வளவு தாங்கும் என்று அதன் ஆர்.சி.யே சொல்லிவிடும். சுமையோடு சேர்ந்த மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய அளவு. சட்டப்படி வெற்று எடையில் டிரைவர் சேர்த்தி இல்லை. அவரும், கேபினில் கூட உட்காரும் அப்பாவும் சுமைக் கணக்கில்தான் வருவார்கள்.

அமெரிக்காவில் பிக்கப் டிரக்கின் பின்னால் டிராவல் டிரெய்லரைக் கோத்து ஊர் சுற்றும் குடும்பங்கள் தடுமாறுவதும் இங்கேதான். டிரெய்லர் தன் சக்கரத்தில் தானே உருண்டு வருகிறது, டிரக்குக்கு என்ன பாரம் என்று தோன்றும். ஆனால், அதன் எடையில் பொதுவாக 10 முதல் 15 சதவிகிதம் கொக்கி வழியாக டிரக்கின் மேலேயே இறங்கும். 3,000 கிலோ டிரெய்லர் என்றால் 300 முதல் 450 கிலோ. குடும்பமும் பெட்டிகளும் ஏறியதும், இழுக்க இன்ஜினுக்குத் தெம்பு இருந்தாலும் சுமக்கும் அளவு தீர்ந்துபோகும்.

இழுத்துவிட்டது என்பதாலேயே தாங்கும் என்று ஆகாது. அதிக பாரத்தில் வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும், டயர் சூடேறும். பாரம் முழுக்க வால் பக்கம் இருந்தால் முன்சக்கரத்தில் பிடிப்பு குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். அதனால் பீரோ, ஃபிரிட்ஜ், புத்தகப் பெட்டிகள் எல்லாம் கேபினை ஒட்டி, கீழே. மெத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியும் மேலே.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில், அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000 ரூபாய். அதிகச் சுமையை இறக்கினால்தான் வண்டி நகரும். ஓட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட வைத்தவரும் இந்தப் பிரிவில் வருவார்.

சாமான் அதிகம் என்றால் வண்டி புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவை ஒன்றேகால் டன் வகை. வாடகை கொஞ்சம் கூடும். அது கட்டுப்படியாகாது என்றால், இரண்டு ட்ரிப்!