கழுத்துக் கட்டியில் ஊசி போட்டால் வெறும் ரத்தம்தான் வருதா? ஏன் இப்படி, அடுத்து என்ன செய்வது?

கழுத்தின் முன்பக்கம் ஒரு கட்டி. சின்ன ஊசி குத்தி சாம்பிள் எடுக்கிறார்கள். 'ரத்தம் மட்டுமே உள்ளது, செல்கள் போதவில்லை' என்று ரிப்போர்ட் வருகிறது. 'திரும்ப எடுக்கணும்' என்கிறார் டாக்டர்.

சென்னையில் இருப்பவருக்கு இது அரை நாள் அலைச்சல். பழவேற்காடு ஏரியை நம்பியிருக்கும் கூனங்குப்பம், அரங்கம்குப்பம் போன்ற மீனவக் கிராமங்களில் அப்படி இல்லை. பொன்னேரி தாண்டி சென்னை ஸ்டான்லி வரை போய்வர ஒரு நாள் முழுசா போயிடும். ஏரியில் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி நாளும் பாடு நாளும் ஒன்றாக வந்தால் அந்த வருமானம் போச்சு. வலி இல்லாத கட்டியை யாரும் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்றுதான் விடுவார்கள்.

ரத்தம் மட்டும் வருவது ஏன்?

தைராய்டு ரத்த ஓட்டம் மிகுந்த சுரப்பி. சாதாரணக் கட்டியிலும் இப்படி வரலாம், பெரும்பாலும் காரணம் அதுதான். இந்த ரிப்போர்ட்டுக்கு 'புற்றுநோய் இருக்கு' என்றும் அர்த்தமில்லை, 'இல்லை' என்றும் அர்த்தமில்லை. வழக்கமாக, ஸ்கேனில் பார்த்தபடியே இன்னொரு முறை ஊசி போடுவார்கள்.

மறுபடியும் ரத்தம்தான் என்றால்? அப்போது யோசிக்க வேண்டிய ஒன்று ஹீமாஞ்சியோமா. ரத்தக் குழாய்களே பின்னிக்கொண்டு கட்டியாவது. புற்றுநோய் அல்ல. கல்லீரலில் இது சகஜம். தைராய்டில் ரொம்ப அபூர்வம், உலக மருத்துவ இதழ்களில் பதிவானதே சில டஜன்தான்.

ஸ்கேனில் தெரியாதா?

சிக்கலே இங்கேதான். ரத்தம் மெதுவாக ஓடும் கட்டி என்றால் டாப்ளர் ஸ்கேனிலும் பிடிபடாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. கூடுதல் துப்பு தரும். கட்டிக்குள் உறைந்த ரத்தம் சுண்ணாம்பாகி வட்டப் புள்ளிகளாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனாலும் பலருக்கு, ஆபரேஷனில் எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் இன்னது என்று தெரிந்திருக்கிறது.

முன்கூட்டியே சந்தேகம் வந்தால் லாபம் உண்டு. ரத்தக்கசிவு ஆபத்துள்ள தடித்த ஊசி பயாப்சியைத் தவிர்க்கலாம். சர்ஜனும் ரத்தம் ஏற்பாடு செய்துகொண்டு ஆபரேஷனில் இறங்கலாம்.

எனவே பொன்னேரியில் எடுத்த ரிப்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டு சென்னைக்குப் போகாதீர்கள். எத்தனை முறை ஊசி போட்டது, என்ன வந்தது என்பதைப் புது டாக்டரிடம் சொல்லியே ஆகணும். கட்டி திடீரென வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, பாடு நாள் பார்க்காமல் உடனே கிளம்பிவிடுங்கள்.