ஆட்டோ கடன் பத்திரத்தில் ஒரு வரி: கையெழுத்து போடும் முன்பு கவனிங்க!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் பகுதிகளில் ஷேர் ஆட்டோ, லோடு ஆட்டோ ஓட்டி பிழைப்பவர்கள் ஏராளம். அதில் பல வண்டிகள் கடனில் ஓடுபவைதான்.

கடன் கொடுக்கும்போது பைனான்ஸ் அலுவலகத்தில் கட்டு கட்டாக பேப்பரை நீட்டுவார்கள். டிக் அடித்த இடத்தில் எல்லாம் கையெழுத்து போட வேண்டியதுதான். சாவி கைக்கு வந்தால் போதும் என்ற அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

அந்த பேப்பரில், "தகராறு வந்தால் நடுவர் மூலம் தீர்க்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும். டியூ நின்றுபோனால் ஆளை மடக்குவது அந்த வரிதான்.

கோர்ட்டு தீர்ப்பு மாதிரி

இதற்கு பெயர் ஆர்பிட்ரேஷன். 1996-ம் ஆண்டு சட்டப்படி நடுவர் சொல்லும் தீர்ப்பு கோர்ட்டு தீர்ப்பு போலவே செல்லும். அதை வைத்து ஜப்தி வரை போகலாம்.

"வெறும் நோட்டீசுதானே" என்று பரண் மேல் போட்டுவிட்டால் ஆபத்து. நீங்கள் போகாவிட்டாலும் இருக்கிற ஆவணத்தை வைத்து தீர்ப்பு வந்துவிடும். அதை எதிர்க்க நகல் கிடைத்ததில் இருந்து 3 மாதம்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதோடு சரி.

நடுவரை வைத்தது யார்?

நோட்டீஸ் வந்ததும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வழக்கில் ஆதாயம் உள்ள ஒரு தரப்பு, தன் இஷ்டத்துக்கு ஒரே நடுவரை நியமிக்கக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அப்படி நியமித்தால் நடுவரின் நேர்மை மீது சந்தேகம் வரும் என்று 2024 நவம்பரில் 5 நீதிபதிகள் பெஞ்சும் சொன்னது.

எனவே கம்பெனி மட்டும் நியமித்த நடுவர் என்றால் உடனே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தகராறு வந்த பிறகு "சம்மதம்" என்று எழுதி கொடுத்துவிட்டால் அந்த வாய்ப்பு போச்சு.

சமரசம் வேறு

சமரச மையத்தில் இருப்பவர் தீர்ப்பு சொல்லமாட்டார். இருவரையும் உட்கார வைத்து பேச வைப்பார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. சென்னை ஐகோர்ட்டு வளாகத்தில் 2005 ஏப்ரலில் இந்த மையம் தொடங்கியது.

கோர்ட்டில் இருக்கும் வழக்கு சமரசத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட்டு கட்டணம் திரும்ப கிடைக்கும். கோர்ட்டு அனுப்பாமல் தாங்களே பேசி முடித்தவர்களுக்கும் இது உண்டு என்று, தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கில் 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியது.

வழக்கே போடாத கடன் பிரச்சினையை மக்கள் நீதிமன்றத்துக்கு கொண்டுபோகலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலை தொழிலாளர்களுக்கு இலவசமாக வக்கீலும் கிடைப்பார். உதவி எண் 15100.

ஒரே ஒரு எச்சரிக்கை. மக்கள் நீதிமன்ற முடிவுக்கு அப்பீல் கிடையாது. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கு பார்த்த பிறகே அங்கேயும் கையெழுத்து போட வேண்டும்.

கடன் வாங்கும் அன்றே ஒப்பந்த நகலை கேட்டு வாங்கி வையுங்கள. இரண்டு டியூ நிற்கும்போதே மனு கொடுத்தால், வண்டி உங்கள் கையில் இருக்கும்போதே பேசி முடிக்க வழி இருக்கிறது. வண்டியை தூக்கிக்கொண்டு போன பிறகு பேசினால் பேரத்தில் பலம் அவர்கள் பக்கம்தான்.