சுட்டும் வலிக்காத விரல்

தெற்கு அந்தமானின் வண்டூர் போன்ற ஊர்களில் தென்னையும் பாக்கும் பலருக்குச் சோறு போடுகின்றன. மரம் ஏறுகிறவர் ஒருநாள் தவறி விழுவதும் அங்கே புதிதல்ல. இந்தியாவில் தண்டுவடம் காயப்படுவதற்கான முக்கியக் காரணங்கள் இரண்டு: சாலை விபத்து, உயரத்திலிருந்து விழுவது. முறிந்த எலும்பு கூடிவிட்டால் ஆபத்து நீங்கியது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். சிலர் விஷயத்தில் அது அவசர நிம்மதி.

விழுந்து சில மாதங்களிலோ, பல ஆண்டுகள் கழித்தோ, அதுவரை நன்றாக இருந்த கை மரத்துப்போகத் தொடங்கலாம். தண்டுவடத்துக்குள் குழாய் போன்ற பொந்து விழுந்து, அதில் திரவம் சேர்வதுதான் காரணம். இந்த நோய்க்கு சிரிங்கோமைலியா என்று பெயர். 1827இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் ஒலிவியே என்ற பிரெஞ்சு மருத்துவர்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி சுமார் 150 மில்லி தெளிந்த திரவம் இருக்கிறது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அது கழிமுகத்து நீர்போல மேலும் கீழும் அசைகிறது. காயத்தின் தழும்பு, கட்டி, மூளைக்காய்ச்சல் விட்டுச்சென்ற ஒட்டல் என்று எதுவாவது வழியை அடைத்தால் சிக்கல். விபத்தே நடக்காதவர்களுக்கும் இது வரலாம். சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கி வழியை அடைக்கும் சியாரி கோளாறு அதற்கு முக்கியக் காரணம்.

அடைபட்ட திரவம் உள்ளே புகுவது எப்படி? மூளையின் அறையிலிருந்து தண்டுவடத்தின் நடுக்குழாய் வழியாக இறங்குகிறது என்று 1950களில் அமெரிக்க நிபுணர் கார்ட்னர் விளக்கினார். ஆனால் பெரும்பாலான பொந்துகளுக்கு அந்த அறையோடு தொடர்பே இல்லை என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டியது. இறங்கிய சிறுமூளை ஒவ்வொரு துடிப்பிலும் பிஸ்டன்போல அழுத்த, திரவம் வெளியிலிருந்து தண்டுவடத்துக்குள் தள்ளப்படுகிறது என்று 1994இல் ஓல்ட்ஃபீல்ட் குழு சொன்னது. விவாதம் இன்னும் முடியவில்லை.

வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுப்பகுதியைக் கடந்து செல்கின்றன. பொந்து முதலில் அவற்றைத்தான் அறுக்கிறது. தொட்டால் தெரியும், அடுப்பு சுட்டால் தெரியாது. விரலில் ஆறாத கொப்புளத்தைப் பார்த்ததும் தொழுநோய் என்று ஊர் முடிவு கட்டிவிடும். வலியற்ற கை தன்னையே எப்படிச் சிதைத்துக்கொள்கிறது என்பதை வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளிடம் பால் பிராண்ட் விளக்கிக் காட்டினார். அதே மருத்துவமனையில்தான் 1949இல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இரண்டு நோய்களும் காயப்படுத்துவது ஒரே கையைத்தான். தொழுநோயில் பாதிப்பு தோலிலும் வெளி நரம்புகளிலும், இதில் தண்டுவடத்தில்.

அடைப்பை நீக்கித் திரவத்துக்கு வழிவிடுவதே அறுவை சிகிச்சையின் நோக்கம். அது நோய் முற்றுவதைத் தடுக்கும். அழிந்த நரம்பைப் பெரும்பாலும் மீட்காது. வண்டூரிலிருந்து தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஊருக்கு, சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒருநாள் கூலி போகுமே என்று இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர், பிறகு மரம் ஏறும் கையையே இழக்க நேரலாம். எப்போதோ முதுகில் அடிபட்டவர் சுட்டும் வலிக்கவில்லை என்றால், அந்தப் பழைய விபத்தை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.