உறைந்த கடலில் ஓர் உப்பளம்

மரக்காணத்தில் வெயில் ஜலத்தை ஆவியாக்கி, உப்பைப் பாத்தியில் விட்டுச் செல்கிறது. ஜலத்தையும் உப்பையும் பிரிக்கும் இவ்வேலையைக் குளிரும் செய்யும் என்றால் நேயர்கள் நம்புவார்களா?

தென்துருவக் கண்டத்தின் கரையில் நம் தேசத்தார் 2012-ல் திறந்த 'பாரதி' ஆராய்ச்சி நிலையத்தின் எதிரே குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடுகிறது. கடல் ஜலம் உறையப் பூஜ்யத்துக்கும் ஏறக்குறைய 2 டிகிரி கீழே போகவேண்டும். உறையும் ஜலம் உப்பை ஏற்பதில்லை, வெளியே தள்ளுகிறது. தள்ளுண்டதில் ஒரு பங்கு கடலில் இறங்க, மீதி முற்றிய உப்புநீராகி, பனிக்கட்டிக்குள்ளேயே மயிரிழை போன்ற கால்வாய்களில் உறையாமல் தங்குகிறது. வரியில்லாத உப்பளம்! அதிலே கண்ணுக்குப் புலனாகாத பாசிகள் குடியிருக்கின்றன.

அவற்றின் உடல் ஜலத்தை உப்பு உறிஞ்சிவிடாதோ? உப்பளங்களில் முற்றிய நீரைச் செந்நிறமாக்குவதில் பங்குள்ள 'துனலியெல்லா' என்ற பாசி, வெளியே உப்பு ஏற ஏறத் தன்னுள் கிளிசரினைச் சேர்த்துச் சமாளிக்கிறது. பனிப்பாசிகளின் உபாயமும் ஏறக்குறைய இதுவே, பொருள்தான் வேறு.

இப்பாசிகளைப் பனியின் அடிப்புறத்தில் மேய்ந்தே, இறாலைப் போன்ற கிரில் என்னும் பிராணியின் குஞ்சுகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கிரில்லோ திமிங்கிலத்தின் ஆகாரம். ஆகவே 2023-ல் தென்துருவக் கடற்பனி, அதுவரை அளந்த எவ்வாண்டிலும் இல்லாதபடி சுருங்கிற்று என்று அறிந்தபோது, நாம் திமிங்கிலத்தை எண்ணிக் கவலையுற்றோம்.