சாவி யார் கையில்?

நிலப் பத்திரத்தையும் திருமணப் பதிவையும் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்ட பாட்டியரை நம்மில் பலர் கண்டிருப்போம். அப்பெட்டிக்குக் கரையான் பகை. மழை வெள்ளமும் பகை. ஆயினும் அதனுள் இருப்பது யாருக்கு உரியது என்னும் ஐயம் எக்காலத்தும் எழுந்ததில்லை. இன்று நம் குடும்பப் படங்களும் கடிதங்களும், மாணவரின் ஆய்வேடுகளும், மருத்துவ அறிக்கைகளும் கடல் கடந்த நிறுவனங்களின் கணினிகளில் அடைக்கலம் புகுந்துள்ளன. கடவுச்சொல் நம்மிடம் இருப்பதால் சாவியும் நம்மிடமே உள்ளதென நம்புகிறோம். அந்நம்பிக்கை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஈண்டு எண்ணிப் பார்த்தல் நலம்.

தமிழ் முன்னரே கற்ற பாடம்

தொண்ணூறுகளில் நம் துறை வெளியிட்ட மலர் ஒன்றை அண்மையில் மறுபதிப்புச் செய்ய விழைந்தோம். பிளாப்பி வட்டுகளில் இருந்த கோப்புகளை ஒருவாறு மீட்டோம். திறந்தபோது திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற குறிகளுமே நிறைந்திருந்தன. அன்று அச்சுக்கோப்பிற்குப் பயன்பட்ட எழுத்துரு, அதனை விற்ற நிறுவனத்தோடு மறைந்துவிட்டிருந்தது. முடிவில் நூலகத்திலிருந்த அச்சுப்படியைப் பார்த்து மாணவர் நால்வர் மீண்டும் தட்டெழுத வேண்டியதாயிற்று.

அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளுக்குத் தனக்கெனத் தனிக் குறியீட்டு முறையை வைத்திருந்தது. ஒருவரிடம் வாங்கியவர் மற்றொருவரிடம் செல்ல இயலாது. யூனிக்கோடு என்னும் பொதுக் குறியாக்கம் 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்தும், தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்னும் தரங்களை அறிவித்து, 2010இல்தான் யூனிக்கோடை ஏற்றது. கோப்பு நம்முடையதாகவே இருந்தது. அதனைப் படிக்கும் திறவுகோல் மட்டும் பிறரிடம் இருந்தது. ஒரே வணிகரிடம் கட்டுண்டு கிடத்தல் என்பது இதுதான்.

இன்றைய கட்டுத்தளை

அத்தளை இன்று உருமாறி வளர்ந்துள்ளது. ஜியோசிட்டீஸ் 2009இலும், ஆர்க்குட் 2014இலும், கூகுள் பிளஸ் 2019இலும் கதவடைத்தன. மைஸ்பேஸ் நிறுவனம் தன்னிடம் பன்னிரண்டு ஆண்டுகள் பதிவேற்றப்பட்ட பாடல்களையும் படங்களையும் இழந்துவிட்டதாக 2019இல் ஒப்புக்கொண்டது. கூகுள் போட்டோஸ் அளவின்றி இலவசமாகத் தந்த சேமிப்பு 2021 ஜூன் முதல் நாளோடு நின்றது. அதற்குள் பலருடைய பல்லாண்டுப் படங்கள் அங்கே குவிந்துவிட்டன. கட்டணம் செலுத்துவதா, பெயர்வதா என்னும் நெருக்கடி அதன்பின் பிறந்தது.

விலை கொடுத்து வாங்கியவையும் நம்முடையவை ஆகிவிடவில்லை. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தான் விற்ற ஆர்வெல்லின் நூல்களை, பதிப்புரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி, வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து தானே அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது உண்மையே. எனினும் பாடத்திற்காக அந்நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்த அமெரிக்க மாணவர் ஒருவருக்கு, நூல் மறைந்தபின் அக்குறிப்புகள் பயனற்றுப் போயின. நம் மாணவர் இந்நிகழ்வை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இழப்பு ஒருபுறமிருக்க, அந்தரங்கம் பற்றிய கேள்வி மறுபுறம் நிற்கிறது. சான்பிரான்சிஸ்கோ நகரில் 2021இல் ஒரு தந்தை, நோயுற்ற தம் குழந்தையின் உடலை மருத்துவருக்குக் காட்டப் படம் எடுத்தார். அப்படம் தானாகவே நிறுவனத்தின் சேமிப்பிற்குச் சென்றது. அங்கிருந்த சோதனை முறை அதனைக் குற்றப்படமாகக் கருதியது. கூகுள் அவருடைய கணக்கை முடக்கியது. அவருடைய மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் பல்லாண்டுப் படங்களும் ஒருசேரப் போயின. காவல்துறை ஆராய்ந்து குற்றமேதும் இல்லையென முடிவு செய்த பின்னும் கணக்கு மீளவில்லை என 2022இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. குழந்தைகளைத் தீங்கினின்று காக்கும் நோக்கம் போற்றத்தக்கதே. ஆனால் குற்றமற்றவர் முறையிட ஒரு வாயில் இல்லாதபோது, நோக்கம் நல்லதாயிருந்தும் அவருக்கு அதனால் பயனில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் இயற்றப்பெற்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை வகுத்துள்ளது. ஆயினும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள, தரவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்த்துச் செல்லும் உரிமை அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. சட்டம் தராத வழியை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

இல்லத்தில் ஒரு வழங்கி

அவ்வழிகளுள் ஒன்று, சர்வர் எனப்படும் வழங்கியை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. பெயர் பெரிது, பொருள் எளிது. பயன்படாமல் கிடக்கும் ஒரு மடிக்கணினியோ, 2012இல் அறிமுகமான ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியோ போதும். அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, ஆவணங்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், படங்களுக்கு இம்மிச் முதலிய கட்டற்ற மென்பொருள்களை ஏற்றலாம். கைப்பேசியில் எடுக்கும் படம் வீட்டு வைஃபை வழியே வீட்டுக் கணினியிலேயே சேர்ந்துவிடும்.

இம்மென்பொருள்களின் மூலநிரல் எவரும் காணத் திறந்திருப்பது தற்செயலன்று. நிகழ்படங்களை வீட்டிலிருந்து வழங்கும் எம்பி என்னும் மென்பொருள் 2018இல் தன் நிரலை மூடியபோது, திறந்திருந்த பழைய நிரலைக் கொண்டே சிலர் ஜெல்லிஃபின் என்பதை உருவாக்கினர். பயனர் நடுத்தெருவில் நிற்க நேரவில்லை. வாசல் திறந்திருந்தமையால் வெளியேற முடிந்தது.

பெரியோர் எழுப்பும் ஐயங்கள்

"மின்வெட்டும் வெள்ளமும் உள்ள ஊரில் வீட்டுக் கணினி பாதுகாப்பா?" எனப் பெரியோர் வினவுவர். நியாயமான வினா. வன்தட்டு ஒருநாள் பழுதாகியே தீரும். பெரு நிறுவனங்களுக்கும் இடர் உண்டு. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு நிலையம் 2021 மார்ச்சில் எரிந்தபோது, தனிப்படி வைக்காதோர் தம் தரவுகளை இழந்தனர். ஆகவே மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்பதே அறிந்தோர் கூறும் முறை. வெளியூர்ப் படியை மறையாக்கம் செய்து வைத்தால், அதனை வைத்திருப்பவரும் படிக்க இயலாது.

கவனக்குறைவு வீட்டிலும் தண்டிக்கும். 2021 ஏப்ரலில் கியூநாப் நிறுவனத்தின் வீட்டுச் சேமிப்புக் கருவிகளுள், இணையத்தின் முன் திறந்து கிடந்தவை பல தாக்கப்பட்டு, கோப்புகள் பூட்டப்பட்டுப் பணம் கேட்கப்பட்டது. எனவே வழங்கியை நேரே இணையத்திற்குக் காட்டாமல், வயர்கார்டு போன்ற தனிப்பாதை வழியே மட்டும் அணுகுவதும், மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பிப்பதும் இன்றியமையாதவை. மின்னஞ்சலை வீட்டிலிருந்து நடத்துவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். வீட்டு இணைப்பிலிருந்து செல்லும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

யாவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஆர்வமுள்ள மகன் வழங்கியை அமைக்கிறான். பின்னர் வளைகுடா நாட்டிற்குப் பணிக்குச் செல்கிறான். கணினி நின்றுவிட்டால் வீட்டில் எவருக்கும் ஒன்றும் தெரியாது. வணிகரிடமிருந்து விடுபட்ட குடும்பம் மகனிடம் கட்டுண்டு போகிறது. ஆதலால், கணினியை இயக்கும் முறையையும் கடவுச்சொற்களையும், படிகள் இருக்கும் இடத்தையும் தெளிந்த தமிழில் ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் உள்ள அதே பெட்டியில் வைத்தல் வேண்டும். அத்தாள் இல்லாத வழங்கி அரைகுறை வழங்கியே.

நம் கடமை

எல்லாரும் எல்லாவற்றையும் வீட்டிற்குக் கொணர வேண்டும் என்பது நம் கருத்தன்று. எந்தச் சேவையில் புகுமுன்னும் "இதிலிருந்து என் பொருளோடு வெளியேற முடியுமா?" என்று கேட்கும் பழக்கம் வேண்டும் என்பதே நம் கருத்து. அவ்வினாவிற்கு விடை கிடைக்காத இடத்தில், வேறெங்கும் இல்லாத ஒரே படியை வைத்தல் தகாது.

தொடக்கம் சிறிதாயிருக்கலாம். குடும்பப் படங்களின் ஒரு முழுப் படி இவ்வாண்டிற்குள் வீட்டை வந்தடையட்டும். நம் துறையும் இம்மலரின் கட்டுரைகளை யூனிக்கோடு தமிழில், எந்த மென்பொருளும் படிக்கத்தக்க எளிய கோப்புகளாக, கல்லூரி நூலகத்தின் கணினியிலேயே காத்து வைத்தல் வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்து இம்மலரைத் தேடும் மாணவர் மீண்டும் தட்டெழுத நேராதிருக்க, சாவியை இன்றே நம் முந்தானையில் முடிந்துகொள்வோமாக.